கவிப்பிரியா எழுதாத ராஜினாமா

கொட்டச்சேடு,
அக்டோபர் 6.

அன்புள்ள மகன் வெங்கடேசுக்கு, அம்மா சசிகலா எழுதுவது.

இங்கே உன் அப்பா, நான், உன் மனைவி, மாடு இரண்டு, எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. புனேயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் கட்டட சைட்டில் தலைக்குத் தொப்பி போட்டுக்கொள்கிறாயா என்று எழுது.

போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் சிக்னல் கிடைப்பது வாசலில் ஒரே ஒரு இடத்தில். அங்கே நின்று கத்தினால்தான் உனக்குக் கேட்கிறது. உனக்குக் கேட்பதெல்லாம் கவிப்பிரியாவுக்கும் கேட்கிறது, எதிர் வீட்டுக்கும் கேட்கிறது. நான் அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அங்கன்வாடியில் குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன். ஒன்று எழுந்தால் மற்றதெல்லாம் எழுந்துவிடும், அதனால் அங்கங்கே விட்டுப் போயிருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

அவள் வேலையை விட வேண்டும் என்று நீ சொல்கிறாயே, அது சரிதான். நானும் அதையே நினைக்கிறேன். குடிநீர் ஆபீசில் இளநிலைப் பொறியாளர் என்றதும் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று ஊர்க் குழாயும் பம்பும் தொட்டியும் ஒரு பெண் தலையில் வந்து விழும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே பேசியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை களி கிண்டி, கோழிக் குழம்பு வைத்தேன். தட்டில் கை வைத்தாள், வாசலில் வைத்திருந்த போன் அடித்தது. மஞ்சக்குட்டையிலிருந்து யாரோ. "ஏனுங்க மேடம், பைப்புல வெறும் காத்துத்தானுங்க வருது" என்று அந்த ஆள் சொன்னது எனக்கே கேட்டது. தட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாள். திரும்பி வந்தபோது களி கல்லாகிவிட்டது. அந்தக் கல்லையும் சாப்பிட்டாள். வேறு செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள். கோபம் வருமா வராதா, நீயே சொல்.

மஞ்சக்குட்டைத் தொட்டி நாற்பது அடி உயரம். பம்ப் ஆபரேட்டர் மாரியப்பனுக்கு மூட்டு வலியாம், ஏற மாட்டாராம். போன மாதம் நான் சத்துமாவு மூட்டைக்காகப் போய்விட்டு ஜீப்பில் வந்துகொண்டிருந்தேன். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இரும்பு ஏணியில் பாதிக்கு மேல் உன் மனைவி. பக்கத்தில் இருந்த அம்மாள், "அது யாருங்க, பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

சின்னத்தாயி அத்தை காதுகுத்து வீட்டில் நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டாள். "ஏஞ் சசி, உன்ற மருமக பேண்ட்டு போட்டுக்கிட்டு ரோட்டோரம் குழிக்குள்ள நிக்கறாளாமா? உன்ற பையன் சம்பாதிக்கறது பத்தலையா?" உன் அப்பாவின் அக்காவிடம் நான் என்ன பதில் சொல்வது? உன் அப்பாவிடம் சொன்னால், "தண்ணி விடற புள்ளைய நான் என்னன்னு சொல்லட்டும்?" என்று காப்பிச் செடிகளுக்குள் போய்விடுகிறார். இந்த வீட்டில் எதைச் சொன்னாலும் கடைசியில் காப்பிச் செடிக்குள்தான் போய்விடுகிறார்.

எனக்கு உண்மையில் பொறுக்காத விஷயம் வேறு. அவள் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. காப்பியையும் பாதியில் வைத்துவிடுகிறாள். உடம்புக்கு என்ன என்று மூன்று வாரம் கேட்டுக் கேட்டு, போன வாரம் காய்ச்சல் வந்து சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது டாக்டரம்மாதான் சொன்னார். நீர்த்தாரையில் புண்ணாம். குப்பனூர் ரோட்டில் இருக்கிற பம்ப் ஹவுசில் பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லை. காலை எட்டு மணிக்குப் போனால் மாலை வரை அடக்கிக்கொண்டிருக்கிறாள். அதற்காகவே குடிப்பதில்லை. மூன்று ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிறவள் தாகத்தோடு நிற்கிறாள் வெங்கடேசு. இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

அந்த வாரமே ஏற்காட்டில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். கட்டுமானத் துறையிலும் குடிநீர், மின்சார வேலைகளிலும் பெண்களுக்கு உள்ள வாய்ப்புகள் என்று பெரிய பேனர் கட்டியிருந்தார்களாம். மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். என்னம்மா சொன்னாய் என்று கேட்டேன். "எல்லாஞ் சொன்னேன் அத்தை. படிப்பு, பரீட்சை, பிரமோஷன் எல்லாம். ஒரு புள்ள எந்திரிச்சு, அக்கா அங்க பாத்ரூம் இருக்குமான்னு கேட்டுச்சு. அதுக்கு மட்டும் பதில் சொல்ல முடியல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆக, நான் பேசிப் பார்க்கிறேன். நீயும் ஒரு நாளைக்கு நாலு முறை "எப்ப எழுதிக் கொடுக்கப் போற" என்று மெசேஜ் அனுப்பாதே. அவள் போனைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைக்கிறதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குளிர் வரப் போகிறது, கம்பளி வாங்கிக்கொள். சேர்வராயன் உனக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நல்லதை மட்டும் நினைக்கிற
அம்மா.

*

கொட்டச்சேடு,
டிசம்பர் 9.

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

கரண்டு நேற்றுத்தான் வந்தது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், மாட்டுக் கொட்டகையின் ஒரு பக்கம் சரிந்தது, அப்பா முட்டுக் கொடுத்திருக்கிறார். மிளகுக் கொடி நிறைய விழுந்துவிட்டது. இவ்வளவுதான் நம் நஷ்டம், கவலைப்படாதே.

நீ போனில் என்னிடம் சத்தம் போட்டதற்குப் பதில் எழுதுகிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னாய். நான் போனேன். போனது உண்மை. என்ன நடந்தது என்று முழுதாகக் கேள். அப்புறம் சத்தம் போடு.

இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் குப்பனூர் ரோட்டில் ஒரு வளைவில் மண் சரிந்து ரோட்டின் பாதியைக் கீழே இழுத்துக்கொண்டு போயிற்று. ரோட்டோரம் கீழிருந்து மேலே ஏறுகிற இரும்புக் குழாயும் அறுபது அடி நீளத்துக்குக் கூடவே போய்விட்டது. வானத்திலிருந்து கொட்டுகிறது, குழாயில் சொட்டு இல்லை. முதல் இரண்டு நாள் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்துக் காய்ச்சினோம். பிறகு மழை வெறும் தூறலாகிவிட்டது, பிடிக்கப் போதவில்லை. சனங்கள் ஓடைத் தண்ணீருக்குப் போனார்கள், அது செம்மண் குழம்பு. என் அங்கன்வாடியில் இரண்டு குழந்தைகளுக்கு வாந்தி. நான் மூடிவிட்டேன்.

கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒருவர் கீழிருந்து ஆட்களோடு வந்தார். சரிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, ரோட்டை முதலில் சரி செய்யட்டும், அதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும், பிறகுதான் குழாய் என்று சொல்லிவிட்டாராம். உன் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. சரிவுக்கு மேலே காப்பி எஸ்டேட் வழியாகக் கருப்புப் பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் போட்டு, இந்தப் பக்கத்து இரும்புக் குழாயையும் அந்தப் பக்கத்து இரும்புக் குழாயையும் இணைத்துவிடலாம் என்றாளாம். அதற்கு அவர், "மேடம், நீங்க ஜீப்புல உக்காருங்க. மழையில எதுக்கு நனையறீங்க? நாங்க பாத்துக்கறோம்" என்றாராம். இதை எனக்குச் சொன்னது மாரியப்பன். மூட்டு வலி மாரியப்பன்தான். அவரே கோபமாகச் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்.

எஸ்டேட்டில் அனுமதி கேட்கப் போனாள். அங்கே கணக்கு எழுதுகிற ரைட்டர் ஜாபெஸ் நல்ல மனிதர், உனக்குத் தெரியும். ஆனாலும், "பெரிய ஆபீசர் யாராச்சும் வந்து சொல்லட்டுங்க அம்மிணி" என்றாராம். "நாந்தானுங்க ஆபீசர்" என்று இவள் சொல்ல, அவர் இவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாராம், வேறு யாராவது நிற்கிறார்களா என்று. பிறகு முதலாளிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். இவள் ஐந்து நிமிடம் பேசினாள். ஒரு காப்பிச் செடியையும் வெட்ட மாட்டேன் என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டாள்.

நான்காம் நாள் நீ போன் செய்தாய். மண் மறுபடி சரியும், அவளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டாய். எனக்கும் அதே பயம்தான். சோற்றையும் ரசத்தையும் டிபன் கேரியரில் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்லி அவளைத் திட்டுவது என்று சேர்த்து வைத்துக்கொண்டே போனேன். நல்ல நல்ல வார்த்தையாகக் கிடைத்தது.

அங்கே போனால் அவள் முழங்கால் வரை சேற்றில் நின்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழாயை இணைக்க வேண்டுமானால் மேலே இருக்கிற வால்வை முதலில் மூட வேண்டுமாம், இல்லாவிட்டால் மேலே தேங்கி நிற்கிற தண்ணீரெல்லாம் வேலை செய்கிற இடத்தில் வந்து கொட்டும். வரைபடத்தில் வால்வு பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில் தோண்டிவிட்டார்கள். வால்வும் இல்லை, ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு, "நாந்தான் அப்பவே சொன்னனே" என்கிற முகத்தோடு நிற்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மலர் வந்தாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாளே, நம் பள்ளத்து வீட்டு மலர். தலையில் விறகுக் கட்டோடு நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏனுங்க, அங்க எதுக்குத் தோண்டறீங்க? அக்கட்டால, அந்தப் பலா மரத்துக்குக் கீழ்ப்புறமல்ல இருக்குது" என்றாள். சூப்பர்வைசர் அவளைப் போகச் சொன்னார். கவிப்பிரியா போகச் சொல்லவில்லை. "உங்களுக்கு எப்படிங்கக்கா தெரியும்?" என்று கேட்டாள்.

மலர் விறகைக் கீழே போட்டாள். "நாங்கதானுங்களே குழி வெட்டுனோம். எட்டு வருசம் இருக்கும். பாலத்துக்கிட்ட பாறை வந்துருச்சு. கடப்பாறை எறங்கல. அப்ப இருந்த மேஸ்திரி இங்க தள்ளிப் போடச் சொல்லிட்டாருங்க. ஏழு பொம்பளைங்க வெட்டுனோம். என்ற கையில கொப்புளம் ஆற ஒரு மாசம் ஆச்சு."

பலா மரத்துக்குக் கீழே மூன்றடி தோண்டினார்கள். வால்வு இருந்தது. உன் மனைவி வரைபடத்தில் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த குறியை அடித்துவிட்டு, மரத்தடியில் புதிதாகக் குறி போட்டாள். பக்கத்தில் மலரின் பெயரையும் தேதியையும் எழுதினாள். மலருக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதினாள் என்று என்னிடம் கேட்டாள். நான் படித்துச் சொன்னேன். நம்பாமல் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

சாப்பாட்டை நான் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் வந்தேன் வெங்கடேசு. சொல்ல இடமே கிடைக்கவில்லை. "அத்தை, செத்த இதைப் புடிங்க" என்று வரைபடத்தை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். அரை மணி நேரம் நான் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

குழாயை இணைத்ததும், தண்ணீர் விடுவதற்கு முன் எல்லோரையும் முப்பது அடி தள்ளி நிற்கச் சொன்னாள். இதெல்லாம் தேவையா மேடம் என்று சூப்பர்வைசர் முனகிக்கொண்டே நகர்ந்தார். கீழே பம்பைப் போட்டார்கள். இரண்டு நிமிடம்தான். இணைப்பு கழன்று, அந்தக் கருப்புக் குழாய் பாம்பு மாதிரி எழும்பி, அவர் முதலில் நின்றிருந்த இடத்தில் ஓங்கி அடித்தது. பக்கத்துப் பாறையில் அடிபட்ட தடம் இன்னும் இருக்கிறது. அவள் மேலெல்லாம் தண்ணீர். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அழுவாள் என்று நினைத்தார்களோ என்னவோ, நான் அப்படித்தான் நினைத்தேன். அவள் ஒரு காலைத் தூக்கி பூட்சைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டாள். "மறுபடியும் பாக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஆள் ஜீப்பைப் பற்றிப் பேசவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவரே இறங்கினார்.

மாலை நாலு மணிக்கு நம் ஊர்த் தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

நன்றி சொன்னார்கள் என்று நினைக்கிறாயா? முதல் போன் வந்தது. "ஏனுங்க மேடம், தண்ணி நொம்பக் கலங்கலா வருதுங்களே?" எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி நானே பதில் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று எழுதினால் நீ என்னை மதிக்க மாட்டாய். மறுநாள் வாட்சப்பில் போட்டோ சுற்றியது. சரிவுக்கு முன்னால் சூப்பர்வைசர், நாலு ஆட்கள், ஊர்ப் பெரியவர் இரண்டு பேர். இரவு பகலாக உழைத்த வீரர்கள் என்று எழுதியிருந்தது. அவள் அப்போது பம்பைப் பார்க்கக் கீழே போயிருந்தாள். மலர் பழம் பறிக்கப் போயிருந்தாள்.

சாப்பிட்டாளா என்று நீ கேட்கவில்லை. ஐந்து மணிக்குச் சாப்பிட்டாள். ஆறிப்போன ரசத்தோடு.

இங்கே மழை விட்டுவிட்டது. பொங்கலுக்கு லீவு கேட்டு வை.

இப்படிக்கு,
அம்மா.

*

கொட்டச்சேடு,
ஜனவரி 28.

அன்பு வெங்கடேசுக்கு,

பொங்கலுக்கு நீ வரவில்லை. சைட்டில் ஸ்லாப் போடுகிறார்கள் என்றாய். சரி. பானை வைத்தோம், பொங்கியது, மூன்று பேர் சாப்பிட்டோம். உனக்கு எடுத்து வைத்த கரும்பு காய்ந்து போயிற்று, மாட்டுக்குப் போட்டேன்.

உன் கவர் வந்தது. அங்கன்வாடி முகவரிக்கு, என் பெயருக்கு. இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பிரித்தேன். அவள் பெயரில் ராஜினாமாவை நீயே டைப் அடித்திருக்கிறாய். "எனது உடல்நிலை மற்றும் குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று. கீழே அவள் பெயர், ஊழியர் எண், கையெழுத்துக்கு இடம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அம்மா, நீங்கள் சொன்னால் கேட்பாள், கையெழுத்து வாங்கி ஆபீசில் கொடுத்துவிடுங்கள் என்று.

நாலு நாள் அதைச் சத்துமாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். என் அக்டோபர் மாதத்துக் கடிதத்தைப் பார்த்துத்தான் உனக்கு இந்தத் தைரியம் வந்திருக்கும். அதில் நான் எழுதியதை நான் மறுக்கவில்லை. அப்போது எனக்கு அவ்வளவுதான் தெரியும். இப்போது கொஞ்சம் கூடத் தெரியும்.

ஐந்தாம் நாள் அவளிடமே கொடுத்துவிட்டேன். மறைத்து வைக்க என்னால் முடியவில்லை. அவள் வாசலில் நின்று படித்தாள். படித்து முடித்து, "எனக்கும் இதைத்தானுங்க அத்தை அனுப்பிருக்காரு, போன்ல" என்றாள். இன்னொரு முறை பார்த்துவிட்டு, "ஒரு எழுத்துப் பிழை கூட இல்ல பாருங்க. நாலு தடவையாச்சும் படிச்சுப் பாத்திருப்பாரு" என்றாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் பம்ப் ஹவுசுக்குப் போய்விட்டாள். அன்று உன் அப்பா கூடக் காப்பிச் செடிக்குள் போகவில்லை.

நான் கையெழுத்து வாங்கித் தர மாட்டேன். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

வெங்கடேசு, நான் பெற்றவள். சில விஷயங்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பேசவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே பாலிடெக்னிக், ஒரே புத்தகம், இதே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தீர்கள். கணக்கில் உனக்குத்தான் வேகம், அவள் உன்னிடம்தான் கேட்பாள். இந்த வேலைக்கான தேர்வு ரிசல்ட் வந்த அன்றைக்கு அவள் நம்பர் இருந்தது. உன் நம்பரை அவள் மூன்று முறை தேடினாள். நீ வண்டியை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய் இனிப்பு வாங்கி வந்து வீதி முழுக்க உன் கையாலேயே கொடுத்தாய். என் மகன் எவ்வளவு பெரிய மனதுக்காரன் என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நீ ஒன்றைக்கூட வாயில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று வாரத்தில் புனே. அதற்கு மேல் நான் எழுதவில்லை.

என் தப்பையும் எழுத வேண்டும். அந்த ரிசல்ட் வந்த வாரம் உனக்கு என்ன ஆயிற்று என்று சின்னத்தாயி அத்தை கேட்டபோது, "அவனுக்கும் கெடச்சுதுங்க, தூரத்து ஊருன்னு சேரல" என்று சொல்லிவிட்டேன். உன்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று. கவிப்பிரியா காப்பி டம்ளரோடு அங்கேயே நின்றாள். என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவளும் அதையே சொல்கிறாள். நான் சொன்ன பொய்யை அந்தப் பெண் இரண்டு வருடமாகக் காப்பாற்றுகிறாள். அது உனக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மறைக்க வேண்டிய ஒன்றாக அதை ஆக்கியது நான்தான். நீ தோற்றதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று அன்றைக்கே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் குற்றம்.

வேறு செய்தி. குடியரசு தினத்துக்குக் கிராம சபை நடந்தது. நான் இருபது வருடமாகப் போகிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். இந்த முறை எழுந்தேன். பம்ப் ஹவுசில் வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்றேன். அங்கே ஒரே ஒரு மேடம்தானே என்று ஒருவர் சொன்னார். உடனே மலர் எழுந்துவிட்டாள். "குழி வெட்டுன காலத்துல நாங்க ஏழு பேரு இருந்தோமுங்க. அப்பவும் காப்பிக் காட்டுக்குள்ளதான் போனோம். ஒருத்தரும் கேக்கல. இப்ப கேக்கறோம், எழுதுங்க" என்றாள். எழுதிக்கொண்டார்கள். நேற்று இடத்தை அளந்தாயிற்று. அளந்தது உன் மனைவிதான், வேறு யார் இருக்கிறார்கள்.

சரிந்த இடத்தில் நிரந்தரக் குழாய் போடுகிற வேலை பிப்ரவரியில் தொடங்குகிறது. பொறுப்பு அவளுக்கு. அதோடு இன்னொன்று வந்திருக்கிறது. தர்மபுரிப் பக்கம் பெரிய குடிநீர்த் திட்டத்துக்கு இரண்டு வருடம் போகிறாயா என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். போனால் பதவி உயர்வுக்கு நல்லதாம். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. பத்து நாள் கேட்டிருக்கிறாள். அந்தப் பத்து நாள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெட்டியை மேலே இருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறாள். அதையும் கேட்கவில்லை.

தேர்வுக்கு மறுபடி அறிவிப்பு வந்திருக்கிறது என்று அவள்தான் உன் அப்பாவிடம் சொன்னாள். உன்னிடம் சொல்ல அவளுக்குப் பயம், நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்வாய் என்று. நான் சொன்னதாக இருக்கட்டும். எழுதினால் எழுது. எழுதவில்லை என்றால் புனேயில் நீ போடுகிற ஸ்லாபும் வேலைதான், அதிலும் நாலு குடும்பம் குடியிருக்கும். எது செய்தாலும் அதை உனக்காகச் செய்.

நீ டைப் அடித்த காகிதத்தை இந்தக் கவருக்குள்ளேயே திருப்பி வைத்திருக்கிறேன். கிழித்துப் போடவில்லை. அதை என்ன செய்ய வேண்டும் என்று நீதான் முடிவு செய்ய வேண்டும்.

நான் உன்னிடம் வேறொன்றும் கேட்டதில்லை சாமி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் இருப்பாள். கூப்பிடு. வேலையைப் பற்றிப் பேசாதே, வா என்றும் சொல்லாதே, போ என்றும் சொல்லாதே. குழாய் எப்படி இருக்கிறது என்று கேள். எந்த அளவுக் குழாய், எத்தனை அழுத்தம், இணைப்பு ஏன் கழன்றது என்று கேள். இங்கே அவளிடம் அதைக் கேட்க ஒருவரும் இல்லை. எங்களுக்குக் கேட்கத் தெரியாது. உனக்குத் தெரியும்.

அவள் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு, போனை மட்டும் வைத்துவிடாதே கண்ணு.

சேர்வராயன் உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மா சசிகலா.